இறக்கை வைத்த டாட்ஜ், பிளிமத் கார்கள்: வடிவத்தை வகுத்த பொறியாளர்கள் யார்?

வளிமகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஓடிய ஸ்டாக் கார்களை, அதாவது விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் டேடோனாவையும் 1970ஆம் ஆண்டின் பிளிமத் சூப்பர்பேர்டையும் படத்திலாவது பார்க்காதவர் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். கூரான நீண்ட மூக்கும், பின்புறம் ஆள் இடுப்பளவுக்கு எழுந்து நிற்கும் இறக்கையும் கொண்ட அந்த வண்டிகளை ஓட்டிய ரிச்சர்ட் பெட்டி, பாபி ஐசக், படி பேக்கர் ஆகியோரின் பெயர்கள் எங்கு தேடினாலும் கிடைக்கின்றன. அந்த மூக்கை எவ்வளவு நீளமாக வைக்க வேண்டும், இறக்கையை எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்று கணக்கிட்டவர்களின் பெயர்களோ அடிக்குறிப்புகளில்கூட அரிதாகவே வருகின்றன.

இவற்றை வரைந்தவர்கள் வழக்கமான கார் வடிவமைப்பாளர்களா, அல்லது காற்றியக்கவியல் படித்த பொறியாளர்களா? இறக்கை அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் டிக்கியின் மூடியைத் திறக்க இடம் விடுவதுதான் என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்பலாமா? அதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் பக்கம் இத்தகைய பொறியாளர்கள் இருந்தார்களா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய இயந்திரம் எழுதியது:

கிறைஸ்லர் பக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். டாட்ஜும் பிளிமத்தும் அந்த நிறுவனத்தின் இரு பெயர்களே என்பதால் இரண்டு கார்களுக்கும் வேர் ஒன்றுதான்.

கதை 1968ஆம் ஆண்டின் சார்ஜரில் தொடங்குகிறது. கண்ணுக்கு அழகான கார் அது. அழகுணர்ச்சி மிகுந்தவர்கள் வரைந்தது. காற்றுக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. முன்புறக் கிரில் உள்வாங்கி ஒரு குகை போல இருந்ததால், எதிரே வந்த காற்று அதற்குள் புகுந்து தேங்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ளியது. பின்கண்ணாடி, பின்னோக்கி நீண்ட இரண்டு தூண்களுக்கு நடுவே பள்ளமாக அமைந்திருந்தது. கூரையின் மேல் வழிந்து வந்த காற்று அந்தப் பள்ளத்தில் உடலை விட்டுப் பிரிந்து சுழன்றது, அழுத்தம் குறைந்தது, வண்டியின் பின்பகுதி மேலே தூக்கப்பட்டது. சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. மணிக்கு 180 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 290 கிலோமீட்டருக்கு மேல், சாய்தளத் திருப்பத்தில் செல்கிற ஓட்டுநருக்கு மட்டுமே பின்சக்கரங்கள் தரையை மறக்கத் தொடங்குவது புரியும்.

இதைத் திருத்தும் பொறுப்பு, லாரி ராத்கெப் தலைமையில் நடந்த ஸ்டாக் கார் திட்டத்திடம் வந்தது. ராத்கெப்புடன் சேர்ந்து உழைத்தவர்களில் மூவரை மறக்கக் கூடாது: பாப் மார்செல், ஜான் பாயின்டர், கேரி ராம்பெர்க். பாயின்டரும் ராம்பெர்க்கும் கார் வரைந்து வளர்ந்தவர்கள் அல்லர். கிறைஸ்லர் அக்காலத்தில் அமெரிக்க அரசுக்காக ரெட்ஸ்டோன் ஏவுகணையையும், சாட்டர்ன் ஐ-பி ஏவூர்தியின் முதல் கட்டத்தையும் கட்டித் தந்த நிறுவனம். அந்தப் பணிகளிலிருந்து கார்ப் பக்கம் வந்தவர்கள் இவர்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பொருளின் மேல் அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்ப்பதே அவர்கள் பழகிய தொழில். சார்ஜரைப் பார்த்தவுடன் அவர்கள் கண்ணில் பட்டது அழகாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் திருத்தம் சார்ஜர் 500. கிரில் பள்ளத்தை மூடி, 1968ஆம் ஆண்டின் கோரோனெட் காரின் கிரிலை உடலோடு சமமாக முன்னே பொருத்தினார்கள். பின்கண்ணாடியையும் தூண்களின் சரிவோடு சமமாக வரும்படி வெளியே கொண்டுவந்தார்கள். இவ்வளவு செய்தும், 1969 பிப்ரவரியில் டேடோனா தடத்தில் நடந்த 500 மைல் பந்தயமான டேடோனா 500இன் கடைசிச் சுற்றில், சார்லி கிளாட்ஸ்பாக் ஓட்டிய சார்ஜர் 500ஐ லீராய் யார்ப்ரோ ஃபோர்டு காரில் முந்தி வென்றார். அரைகுறைத் திருத்தம் போதாது என்பது அப்போது உறுதியாயிற்று.

அடுத்து வந்ததுதான் சார்ஜர் டேடோனா கார். ஏறத்தாழ 18 அங்குலம் நீண்ட எஃகு மூக்கு. அதன் அடியில் காற்றைத் தடுத்துத் திருப்பும் ஒரு பட்டை. பின்புறம் 23 அங்குல உயரத்தில் தலைகீழாகப் பொருத்திய விமான இறக்கையின் வெட்டுமுகம். எட்டில் மூன்று பங்கு அளவுள்ள மாதிரிகளை விசிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் (பொருளை நிறுத்தி அதன்மேல் காற்றை வேகமாகப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடம்) வைத்து அளந்தார்கள். முழு அளவுக் காரை ஜார்ஜியாவில் லாக்ஹீட் நிறுவனத்தின் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மிச்சிகனில் செல்சி என்னும் இடத்திலுள்ள சொந்தச் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சுரங்கத்தில் கிடைத்த எண் தடத்தில் பொய்யாகிவிடுவது உண்டு என்பதால் இந்த மூன்றாம் படியை அவர்கள் விடவில்லை. ஒரு மாற்றம் சுற்று நேரத்தில் எத்தனை நொடியைத் தரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்னவர் ஜார்ஜ் வாலஸ் என்னும் பொறியாளர். அலபாமா மாநில அரசியலில் அதே பெயருடன் இருந்தவரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாலடேகா பந்தயத் தடம் அதே மாநிலத்தில் இருப்பதால் அந்தக் குழப்பம் எளிதில் நேரும்.

இந்த விந்தையான உருவத்தை விற்பனைக்கும் கொண்டுவர வேண்டும் என்று டாட்ஜின் பொது மேலாளர் பாப் மெக்கரியிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அவர் மறுத்திருந்தால் நாம் இப்போது இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் பொதுமக்களுக்கு விற்க 500 கார்கள் கட்டப்பட வேண்டும் என்பது, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் அன்றைய விதி. டெட்ராய்ட்டில் இருந்த கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் சார்ஜர்களை வாங்கி மூக்கும் இறக்கையும் பொருத்தி 503 டேடோனாக்களை முடித்துத் தந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு நேர்விடை: இவற்றின் வடிவத்தை வகுத்தவர்கள் பொறியாளர்கள். நிறுவனத்தின் அழகியல் பிரிவினர் இந்த மூக்கையும் இறக்கையையும் தாங்களாக முன்வந்து வரைந்திருக்கவே மாட்டார்கள்.

தேனருவி எழுதியது:

மேலே எழுதியவர் வரலாற்றைச் சொல்லிவிட்டார். இறக்கையைப் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இதில் பலரும் இறக்கையையே முதன்மையாகக் கருதுகிறார்கள். எனக்கோ மூக்குதான் முதன்மையாகத் தோன்றுகிறது.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்ப்போம். காற்றின் இழுவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் இயந்திர ஆற்றலோ மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. டயரின் உராய்வைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், மணிக்கு 190 மைலில் ஓடும் காரை 200 மைலுக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். ஏற்கெனவே முறுக்கி எடுக்கப்பட்ட, ஹெமி எனப்படும் கிறைஸ்லரின் 426 கன அங்குல இயந்திரத்திலிருந்து இன்னும் 17 விழுக்காட்டைப் பிழிவது எளிதன்று. இழுவிசைக் கெழுவை, அதாவது வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண்ணை, 15 விழுக்காடு குறைத்தாலோ, அதே இயந்திரம் அதே 200 மைலைத் தொட்டுவிடும். இந்தக் கணக்கு ஒன்றே ஒரு நிறுவனம் தன் இயந்திரக் கூடத்திலிருந்து காற்றுச் சுரங்கத்துக்குப் பணத்தைத் திருப்பப் போதுமானது.

இழுவிசையைக் குறைத்தது மூக்கு. வண்டியின் முகத்தில் மோதி நின்ற காற்றை அது மேற்புறத்திலும் பக்கங்களிலும் வழியவிட்டது. அடியிலிருந்த பட்டை, வண்டிக்குக் கீழே நுழையும் காற்றைக் குறைத்து முன்சக்கரங்களின் மேல் இருந்த தூக்குவிசையை அடக்கியது. முன்பகுதி தரையோடு ஒட்டிக்கொண்டபின் ஒரு புதிய தொல்லை எழுகிறது. முன்சக்கரங்களுக்கு மிகுந்த பிடிப்பும் பின்சக்கரங்களுக்குக் குறைந்த பிடிப்பும் இருந்தால், திருப்பத்தில் பின்பகுதி வெளியே வீசப்பட்டு வண்டி சுழன்றுவிடும். முன்னே செய்த நன்மைக்கு ஈடாகப் பின்னேயும் கீழ்நோக்கிய அழுத்தம் தர வேண்டும். அந்த ஈடுகட்டும் கருவியே இறக்கை. அதன் கிடைப்பகுதியின் கோணத்தைத் தடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

பலர் கவனிக்காத இன்னொரு செய்தி இறக்கையைத் தாங்கும் இரண்டு செங்குத்துத் தூண்களில் இருக்கிறது. அவை வெறும் தாங்கிகள் அல்ல. விமானத்தின் வாலில் நிற்கும் செங்குத்துத் துடுப்பைப் போன்றவை. வண்டி சற்றே பக்கவாட்டில் திரும்பினாலும் அந்தத் தூண்களின் அகன்ற பக்கங்களில் காற்று மோதி வண்டியைத் திரும்ப நேர்க்கோட்டுக்குத் தள்ளும். நெருக்கமாகப் பல கார்கள் ஓடி ஒன்றின் காற்றுக்குழப்பத்துக்குள் மற்றொன்று நுழையும் பந்தயத்தில் இது பெரும் துணை.

டிக்கிக் கதைக்கு வருகிறேன். மூடியைத் திறந்தால் இறக்கையில் இடிக்கக் கூடாது என்பது உண்மையான கட்டுப்பாடுதான். பொதுமக்களுக்கு விற்கும் காரின் டிக்கி திறக்கவில்லை என்றால் யார் வாங்குவார்கள்? அதே வேளையில், கூரையைக் கடந்து வரும் காற்று பின்கண்ணாடியின் மேல் வேகம் இழந்து கலங்கிய ஒரு படலமாகி விடுகிறது. அந்தப் படலத்துக்குள் இறக்கையை வைத்தால் அது பாதித் திறனில்தான் வேலை செய்யும். கலங்காத காற்றுக்குள் அதை உயர்த்த வேண்டும் என்பதும் அதே திசையில்தான் இழுக்கிறது. இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படாதபோது, எது முதற்காரணம் என்று சண்டையிடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. டிக்கிதான் ஒரே காரணம் என்று சொல்கிறவர்கள், பொறியாளர்களின் வேலையை ஒரு நகைச்சுவைத் துணுக்காகச் சுருக்கிவிடுகிறார்கள் என்பது மட்டும் என் குறை.

நிழற்சாலை எழுதியது:

முந்தைய இரண்டு பதில்களும் சிறப்பானவை. ஆயினும் ஏவூர்திப் பொறியாளர்கள் வந்தார்கள், காற்றை வென்றார்கள் என்று மட்டும் சொன்னால் படம் முழுமை பெறாது. டேடோனா பிறப்பதற்குக் காரணமான தோல்வியைக் கொடுத்த ஃபோர்டு காரின் வரலாறு வேறு மாதிரியானது.

1969ஆம் ஆண்டின் டொரினோ தாலடேகா என்னும் அந்த ஃபோர்டு காரை உருவாக்கியதில் முதன்மையானவர் ரால்ஃப் மூடி. ஃபோர்டுக்காகப் பந்தயக் கார்களைக் கட்டிய ஹோல்மன்-மூடி நிறுவனத்தின் பங்குதாரர், முன்னாள் ஓட்டுநர். தகட்டை வெட்டி ஒட்டித் தடத்தில் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மரபில் வந்தவர். முன்புறத்தைச் சில அங்குலங்கள் நீட்டிச் சரித்தார்கள், கிரிலைச் சமமாக்கினார்கள், ஃபேர்லேன் காரின் பின்பம்பரை வெட்டி வளைத்து முன்பம்பராகப் பொருத்தினார்கள். இடுக்குகளில் காற்று நுழையாமல் அது உடலோடு ஒட்டி நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறொன்று. கதவுக்குக் கீழே ஓடும் அடிப்பட்டையைச் சுருட்டி மேலே ஏற்றினார்கள். வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்த இடத்தில் வைத்துத்தான் பரிசோதகர் அளப்பார். அடிப்பட்டை மேலேறிவிட்டால் முழு உடலையும் அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளலாம். விதியின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. விற்பனைக் கார்களிலும் அவ்வாறே செய்திருந்ததால் எவரும் எதிர்ப்புச் சொல்ல முடியவில்லை. காற்றுச் சுரங்கத்தில் எத்தனை மணிநேரம் செலவழித்தாலும் இந்த யோசனை கிடைத்திருக்காது. விதிப்புத்தகத்தை வரிக்கு வரி படித்தவருக்கே கிடைக்கும்.

ஃபோர்டின் சகோதரப் பெயரான மெர்க்குரியின் சைக்ளோன் காரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேல் யார்பரோ 1968ஆம் ஆண்டின் டேடோனா 500ஐ வென்றது இறக்கையோ நீண்ட மூக்கோ இல்லாத ஒரு சைக்ளோனில்தான். அதன் கூரை பின்பம்பர் வரை ஒரே சரிவாக இறங்கியதால் காற்று பிரியாமல் வழிந்தது. கிறைஸ்லர் பொறியாளர்கள் பின்கண்ணாடியோடு போராடியபோது, ஃபோர்டு பக்கத்தில் விற்பனைக் காரின் கூரையே பாதி வேலையைச் செய்துவிட்டது. இதை முழுமையான திறமை என்பதா, பாதி நல்வாய்ப்பு என்பதா என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு.

இந்தக் கைவினை மரபு அதற்கும் முந்தியது. 1966 ஆகஸ்டில் அட்லாண்டா பந்தயத்துக்குக் கார் கட்டுநர் ஜூனியர் ஜான்சன் கொண்டுவந்த மஞ்சள் நிற ஃபோர்டு கேலக்சியைப் பற்றித் தேடிப் பாருங்கள். கூரை தாழ்த்தப்பட்டு, முன்கண்ணாடி சாய்க்கப்பட்டு, மூக்கு கீழே வளைந்து வால் மேலே தூக்கியிருந்ததால் பார்த்தவர்கள் அதற்கு மஞ்சள் வாழைப்பழம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதை ஓட்டியவர் ஃப்ரெட் லாரென்சன். அதே காலத்தில் மற்றொரு கட்டுநரான ஸ்மோக்கி யூனிக் கட்டிய செவர்லே செவெல் காரைப் பற்றி, அது உண்மையான காரில் எட்டில் ஏழு பங்கு அளவே என்ற கதை இன்றும் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. அடிப்பகுதியை வழவழப்பாக மூடுவது போன்ற சிறு சிறு மாற்றங்களின் கூட்டுத்தொகைதான் அந்தக் காரின் வேகம். 1967ஆம் ஆண்டின் டேடோனா 500 தகுதிச் சுற்றில் கர்டிஸ் டர்னர் மணிக்கு 180.831 மைல் வேகத்தில் முதலிடம் பெற்றது அதில்தான். யூனிக்கும் ஜான்சனும் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். ஆனாலும் இந்தத் தலைப்பில் அவர்களை விட்டுவிட்டுப் பட்டியல் போட எனக்கு மனம் வரவில்லை.

வளிமகன் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. தூண்களைப் பற்றித் தேனருவி அவர்கள் சொன்னதைப் படித்தபின் பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சூப்பர்பேர்டின் தூண்கள் டேடோனாவின் தூண்களைவிடப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே வடிவம் என்று இதுவரை நினைத்திருந்தேன். பிளிமத்துக்குத் தனியாக வேலை செய்தார்களா? இவ்வளவு உழைப்பில் உருவான கார்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே தடத்தை விட்டு மறைந்தது ஏன்?

பழைய இயந்திரம் எழுதியது:

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சூப்பர்பேர்டுக்குத் தனிவேலை தேவைப்பட்டது. அதற்கு அடிப்படையான பிளிமத் ரோட் ரன்னர் காரின் முன்பகுதியில் டேடோனா வகை மூக்கு நேராகப் பொருந்தவில்லை. டாட்ஜ் கோரோனெட்டின் முன்புற மட்காப்புத் தகடுகளையும் பானெட்டையும் கடன் வாங்கி அதன்மேல் புதிய மூக்கைப் பொருத்தினார்கள். பின்கண்ணாடியைச் சுற்றிப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்த தழும்பை மறைக்கவே விற்பனைக் கார்கள் அனைத்துக்கும் வினைல் கூரை போர்த்தினார்கள். அதை அழகுக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் பலர்.

பிளிமத்துக்கு இப்படி ஒரு கார் வேண்டும் என்று முடிவானதற்குப் பின்னால் ஓர் ஓட்டுநரின் கோபம் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுக்குத் தனக்கு டாட்ஜ் கார் வேண்டும் என்று ரிச்சர்ட் பெட்டி கேட்டார். பிளிமத்தின் முகமாக விளங்கியவரை நிறுவனம் விட மறுத்தது. அவர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைக்க சூப்பர்பேர்ட் உதவியது. 1970ஆம் ஆண்டின் டேடோனா 500ஐ, பெட்டியின் குழுவைச் சேர்ந்த பீட் ஹாமில்டன் சூப்பர்பேர்டில் வென்றார். அவ்வாண்டு தாலடேகாவில் நடந்த இரண்டு பந்தயங்களையும் அவரே வென்றார்.

டாட்ஜ் பக்கமும் குறைவில்லை. 1970 மார்ச் 24 அன்று தாலடேகாவில், கிறைஸ்லர் பொறியாளர்களின் சொந்தச் சோதனைக் காரான 88ஆம் எண் டேடோனாவில் படி பேக்கர் மணிக்கு 200.447 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். மூடிய தடத்தில் ஒரு ஸ்டாக் கார் 200 மைலைத் தாண்டிய முதல் முறை அது. டேடோனாவை ஓட்டிய பாபி ஐசக் அவ்வாண்டின் நாஸ்கார் பட்டத்தை வென்றார்.

மறைந்ததற்கான காரணம் இந்த வெற்றியிலேயே இருக்கிறது. தாலடேகா 2.66 மைல் நீளமும் திருப்பங்களில் 33 பாகைச் சாய்வும் கொண்ட தடம். 1969 செப்டம்பரில் அங்கு நடந்த முதல் பந்தயத்திலேயே, அந்த வேகத்தை டயர்கள் தாங்காது என்று பெரிய ஓட்டுநர்கள் பலர் வெளியேறினார்கள். எஞ்சி ஓடியவர்களில் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் டேடோனாவில் வென்றார். கீழ்நோக்கிய அழுத்தம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்த எடை முழுவதையும் தாங்க வேண்டியது ரப்பர் அல்லவா? காற்றியக்கவியல் டயரை விட ஓரிரு ஆண்டுகள் முன்னே ஓடிவிட்டது.

நாஸ்கார் படிப்படியாகக் கயிற்றை இறுக்கியது. 1970ஆம் ஆண்டுக்கு, 500 கார்கள் என்றிருந்த விதியை நிறுவனத்தின் விற்பனை முகவர்களின் எண்ணிக்கையில் பாதியளவு கார்கள் என்று மாற்றினார்கள். அதனால்தான் சூப்பர்பேர்ட் ஏறத்தாழ 2,000 என்ற அளவில் கட்டப்பட்டது. அவற்றில் பல விற்காமல் முகவர்களின் முற்றத்தில் நெடுநாள் நின்றன. 1970 ஆகஸ்டில் மிச்சிகன் பந்தயத்திலிருந்து, இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் தகட்டைப் பொருத்த வைத்தார்கள். ஃபோர்டும் கிங் கோப்ரா என்ற பெயரில் கூர்மூக்கு வண்டியொன்றை வடிவமைப்பாளர் லாரி ஷினோடாவின் கைவண்ணத்தில் ஆயத்தம் செய்திருந்தது. 1969 செப்டம்பரில் ஃபோர்டின் தலைவர் பதவியிலிருந்து பங்கி நுட்சன் நீக்கப்பட்டபின் அந்தத் திட்டம் நின்றுபோனது.

1971இல் கடைசிக் கட்டை விழுந்தது. இறக்கை வைத்த கார்களும் மற்ற கூர்மூக்குக் கார்களும் 305 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரத்தோடு ஓடக் கூடாது என்றார்கள். பெயரளவில் தடை இல்லை. ஆனால் 426 கன அங்குலத்தோடு ஓடும் மற்றவர்களுக்கு நடுவே 305 கன அங்குலத்தோடு யார் போட்டியிடுவார்கள்? ஒருவர் போட்டியிட்டார். அணி உரிமையாளர் மரியோ ராசி தன் டேடோனா காரில் அந்தச் சிறிய இயந்திரத்தைப் பொருத்தி, டிக் புரூக்ஸை ஓட்டவிட்டு 1971ஆம் ஆண்டின் டேடோனா 500க்குக் கொண்டுவந்தார். இயந்திர அளவில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 28 விழுக்காடு குறைவாக இருந்தும் அந்த வண்டி ஏழாம் இடத்தில் முடித்தது.

தேனருவி எழுதியது:

அந்த ஏழாம் இடத்தை நான் மறந்தே போயிருந்தேன். ராத்கெப் குழுவின் மூக்கு எவ்வளவு வேலை செய்தது என்று கேட்கிறவர்களுக்கு இனி அதையே எடுத்துக்காட்டுவேன்.

வளிமகன் எழுதியது:

என் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டது. மஞ்சள் வாழைப்பழத்தின் படத்தையும் இப்போதுதான் பார்த்தேன். நிழற்சாலை அவர்கள் பெயர்க்காரணத்தை விளக்கியிருக்கவே வேண்டியதில்லை.